கடினத்தன்மை எண் சொல்லாதவை

காய்ச்சிய உலோகத்தை அடித்து உருவம் கொடுக்கும் அச்சுகளான சூடான ஃபோர்ஜிங் டைகளின் மேல் வெல்டிங் வழியாகப் பாதுகாப்புப் படிவு இடும் பணியில் நான் இருந்த காலத்தில், பழுதாகி வந்த ஏறக்குறைய எல்லா டைகளுக்கும் முதலில் எழுந்த கேள்வி, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் எண் எவ்வளவு வேண்டும் என்பதுதான். உராய்வு ஒன்றே எதிரியாக உள்ள இடத்தில் அந்தக் கேள்வி போதும். ஆனால், 1,200 டிகிரி செல்சியஸுக்கு அருகில் காய்ச்சிய எஃகுத் துண்டு ஒவ்வோர் அடியிலும் வந்து அழுந்தும் பரப்பில், தேய்மானமும் வெப்பச் சோர்வும் ஒன்றுக்கொன்று முரணான குணங்களைக் கேட்கின்றன.

அடி விழும் கணத்தில் டையின் மேல்தோல் 500 டிகிரியைத் தாண்டும்போதும் அதன் உட்பகுதி அவ்வளவு சூடேறுவதில்லை. விரிய முற்படும் தோலைக் குளிர்ந்த உடல் தடுப்பதால் அது அமுங்கி நிரந்தரமாக உருமாறுகிறது. உடனே கிராஃபைட் கலந்த நீர் தெளிக்கப்பட, சுருங்கும் தோல் இழுவிசைக்கு உள்ளாகிறது. இது திரும்பத் திரும்ப நிகழ்ந்து நுண்விரிசல் வலை உருவாகிறது. விரிசலுக்குள் வளரும் ஆக்சைடு, விரிசல் மூடிக்கொள்ள விடாமல் ஆப்புபோல் நிற்கிறது.

படிவு இடப் பயன்படும் கோபால்ட் அடிப்படையிலான ஸ்டெல்லைட் 6 உலோகக்கலவையில் கார்பன் ஏறத்தாழ 1.2 சதவீதம். அதன் கார்பைடுகள் (கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினத் துகள்கள்) தேய்மானத்தை நன்கு தடுத்தாலும், வெப்ப விரிசலுக்கு எளிய வழியாகவும் அவையே அமைகின்றன. ஸ்டெல்லைட் 21-இல் கார்பன் 0.25 சதவீத அளவே. வெல்டிங் முடிந்ததும் அளந்தால் எண் ஏமாற்றமளிக்கும், ஆனால் அடி வாங்க வாங்க அது இறுகும். இதை அறியாத தர ஆய்வாளர் நல்ல படிவையும் நிராகரிக்கக்கூடும். டையில் மிகுதி உலோகம் பிதுங்கி வெளியேறும் ஃபிளாஷ் பகுதிக்கு முதலாவதும், உள்வளைவு மூலைகளுக்கு இரண்டாவதும் ஏற்றவை என்பது என் கருத்து. ஒரே கம்பியால் முழு டையையும் நிரப்புவது வசதியே தவிர அறிவுடைமை அன்று.

படிவைவிட எனக்குக் கூடுதல் கவலை அளித்தது அதன் அடியில் உள்ள பகுதி. டை செய்யப் பயன்படும், 5 சதவீத குரோமியம் கொண்ட எச்13 எஃகு காற்றிலேயே கடினமாகும் இயல்புடையது. ஆகவே 300 டிகிரிக்கு மேல் முன்சூடேற்றாமல் வெல்டிங் செய்தால், இணைப்பை ஒட்டி மார்ட்டென்சைட் எனும் கடினமான, நொறுங்கும் எஃகு அமைப்பாலான பட்டை எஞ்சும். அதற்குச் சற்றுக் கீழே, பழைய டெம்பரிங் (கடினமாக்கிய எஃகை மீண்டும் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) வெப்பநிலையைக் கடந்து சூடான பட்டை மென்மையாகிப்போயிருக்கும். மேலே கெட்டியான படிவு, கீழே அமுங்கும் தளம் என்றானால், தேயாத படிவும் பெயர்ந்து விழும். வெல்டிங்குக்குப் பிறகான டெம்பரிங் முதல் பட்டையைச் சீராக்கும், இரண்டாவதை மீட்காது. அதனால் வெப்ப உள்ளீட்டைக் குறைத்து அதை மெல்லியதாக வைப்பதே வழி. உள்ளீடு குறைந்தால் அடி எஃகு உருகிப் படிவில் கலப்பதும் குறையும்.

இத்தனைக்கும் முன்னதாக, பழைய விரிசல்களை வேர் வரை குடைந்தெடுத்து, விரிசலுக்குள் சாயம் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சாய ஊடுருவல் சோதனையில் குழி துப்புரவாகத் தெரிந்த பிறகே முன்சூடேற்றத்தைத் தொடங்க வேண்டும். எஞ்சிய மயிரிழை விரிசல், எவ்வளவு விலையுயர்ந்த கம்பியைக் கொண்டு மூடினாலும், புதிய படிவுக்குள் ஏறி வந்துவிடும்.