‘விலை’க்குத் தும்பிக்கை போட்ட கதை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடை. கணக்கு நோட்டுகளுக்கு நடுவே இருபது ரூபாய்க்குக் கிடைத்தது அந்த அட்டை, ஏதோ ஒரு சைவ காபி கிளப்பின் விலைப்பட்டியல். அதை அப்படியே தகரத்தில் எனாமல் பெயிண்டால் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இது ஐந்தாவது ஞாயிறு.

அட்டையில் வருஷம் இல்லை. ஆனால் ‘கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லா’ என்று இருக்கிறது. கிருஷ்ணகிரியையும் சேர்த்துக்கொண்டு தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல், அட்டை அதற்கு முந்தியது. விலையெல்லாம் ந.பை., அதாவது நயா பைசா, ரூபாயில் நூறில் ஒன்று. அது வந்தது 1957 ஏப்ரல் 1. ‘நயா’ உதிர்ந்தது 1964 ஜூனில். அந்த ஏழு வருஷத்துக்குள் அச்சடித்தது. இட்லி 6, தோசை 12, காபி 19. இதென்ன விலை, 5, 10, 20 என்று வைக்கக் கூடாதா? அப்புறம்தான் உறைத்தது: ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற பழைய கணக்கில் ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19. காசு மாறினாலும் முதலாளி அணாவில்தான் காபி விற்றிருக்கிறார்!

அழகே அந்தப் புள்ளி வரிசையில்தான் இருக்கிறது. பலகாரத்துக்கும் விலைக்கும் நடுவே ஓடும் புள்ளிகள். அச்சுக்கோப்பவருக்கு அவை ஈயத் துண்டுகள், அடுக்கினால் நேராக நிற்கும். என் பிரஷ்ஷில் கடுகாக ஆரம்பித்து, விலையிடம் போய்ச் சேரும்போது சீடையாகிவிட்டன. சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்ட பிறகுதான் வரி நேரானது.

அடுத்த வம்பு ‘லை’. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’க்குத் தனிக் கொம்பு கிடையாது, எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல மேலே வளையும். என் கம்ப்யூட்டரில் எந்த ஃபாண்டிலும் அது இல்லை. நியூஸ்பேப்பரில் நாற்பது தடவை எழுதிப் பழகினேன். முதலில் வந்தது தும்பிக்கை இல்லை, பன்றி வால்.

“கிறுக்கா உனக்கு?” என்கிறார் அம்மா. நியூயார்க் பொது நூலகத்துக்காக ஃபிராங்க் பட்டால்ஃப் (பெயர்தான் ஃபிராங்க், ஆள் பெண்மணி) 1900-ல் தொடங்கி 25,000-க்கு மேல் மெனு கார்டு சேர்த்தார் என்றேன். என்னிடம் இருப்பது பதினொன்று.

ஒரு தப்பும் செய்தேன். சாம்பார்க் கறையை ஈரத் துணியால் ஒற்றப் போய், எழுத்தோடு தாளும் உரிந்து வந்துவிட்டது. போட்டோ எடுத்து வைக்கவில்லை. அந்த வரியில் மிச்சம் இருப்பது ‘... வடை 19’ மட்டும். எங்கள் தெருவில் சப்ளையராக இருந்து ஓய்ந்த பெரியவரிடம் காட்டினேன்.

“மெதுவடைய இந்த விலைக்குப் போட்டா அன்னைக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான். தயிர்வடை தம்பி, எழுதிக்கோ.”

தகரத்தில் அளந்து பார்த்தேன். ‘தயிர்’ சேர்த்தால் மூன்றே மூன்று புள்ளிக்குத்தான் இடம் இருக்கிறது.