கஸ்ஸி கலாங்க் நடைகள்: கல், தண்ணீர், காற்று

பிரான்சின் தென்கரையில், மார்செய்யிலிருந்து கிழக்கே ரயிலில் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும் சின்னத் துறைமுக ஊர் கஸ்ஸி. ஊர்ப்பெயரின் கடைசியில் ஒரு எஸ் எழுதுவார்கள், உள்ளூர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை. இந்த ஊருக்கும் மார்செய்க்கும் நடுவே கடலோரம் நெடுக வெள்ளைச் சுண்ணாம்புக்கல் மலை. அந்த மலைக்குள் கடல் நீளநீளமாகப் புகுந்து கிடக்கும் குடாக்களுக்குத்தான் கலாங்க் என்று பெயர். 2012-இல் இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது.

வரைபடத்தில் பார்த்தால் தூரம் ஒன்றுமே இல்லை. கஸ்ஸி துறைமுகத்திலிருந்து, எல்லாரும் பார்க்க ஆசைப்படும் ஆன்-வோ குடா வரை நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடக்க ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். இந்தக் கணக்கு இடிப்பதால்தான் பலர் அரை லிட்டர் தண்ணீரோடும் கடற்கரைச் செருப்போடும் கிளம்பி, பாதி வழியில் திண்டாடுகிறார்கள்.

கலாங்குகளை அலை குடைந்து உண்டாக்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இன்றைய குடாக்கள் எல்லாம் அப்போது பள்ளத்தாக்குகள். பனி உருகிக் கடல் ஏறியபோது அவற்றின் வாய்ப்பகுதி மூழ்கிப்போனது. கஸ்ஸியில் முக்குளிப்புத் தொழில் செய்த ஆன்ரி கொஸ்கேர் 1985-இல் கண்டுபிடித்த ஓவியக் குகையின் வாசல், இப்போது கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஓவியங்களை வரைந்தவர்கள் கால் நனையாமல் உள்ளே போனவர்கள். (குகையின் மாதிரி வடிவம் 2022 முதல் மார்செய்யில் இருக்கிறது. மழை நாளில் நடையை ஒத்திவைத்தால் அங்கே போகலாம்.) நடப்பவருக்கு இதில் ஒரு சேதி உண்டு. பள்ளத்தாக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் பாதை இது. ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி, மறுபடி மேட்டுக்கு ஏறித்தான் அடுத்ததற்குப் போக முடியும்.

தண்ணீர் விஷயமும் கல்லில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தாங்கி நிற்காது. விரிசல் வழியாக உள்ளே இழுத்து நிலத்தடி ஆறாக்கிவிடும். அப்படி ஓர் ஆறு போர்-மியூ குடாவில் கடலுக்கடியில் வந்து கலக்கிறது. அதைக் குடிநீராக்க 1970-களில் நிலத்துக்குள்ளேயே அணை கட்டிப் பார்த்தார்கள். உப்புக் கரிப்பு போகவில்லை. ஆகவே மலையில் ஓடை இல்லை, ஊற்று இல்லை, குழாயும் இல்லை. ஆளுக்கு 2 லிட்டர், ஜூன் முதல் செப்டம்பர் வரை 3 லிட்டர், ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கல் வெயிலைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும் என்பதால் தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

இனி பாதை. துறைமுகத்திலிருந்து மேற்கே, பெஸ்துவான் கடற்கரையைத் தாண்டி, வீடுகளுக்கு நடுவே ஏறும் தெருவில் அரைமணி நேரம் நடந்தால் போர்-மியூ. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய குடா, முழுக்கப் படகுகள். மேற்குக் கரையில் பழைய கல் குவாரியின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. கஸ்ஸிக் கல் இங்கிருந்துதான் கப்பலேறிப் போனது. அங்கிருந்து இன்னும் அரைமணி நேரத்தில் போர்-பேன். நீர் விளிம்பு வரை பைன் மரங்கள், சின்னக் கடற்கரை, ஆழமில்லாத தண்ணீர். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. இங்கே வரை வந்து திரும்பினாலும் நிறைவான அரைநாள் நடைதான்.

போர்-பேனுக்கு அப்பால் பாதையின் குணம் மாறிவிடுகிறது. செங்குத்தாக ஏறி மேட்டுக்கு வந்ததும் ஆன்-வோவின் ஊசிப் பாறைகளும் பச்சை நீலத் தண்ணீரும் திடீரென்று கீழே திறக்கும். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் இந்த மேடே போதும். சொல்லப்போனால், ஆன்-வோ மிக அழகாகத் தெரிவது இங்கிருந்துதான். கடற்கரையில் கால் நனைக்க வேண்டுமென்றால், கல் நிறைந்த, தண்ணீர் ஓடாத ஓர் ஓடைச் சரிவில் இறங்க வேண்டும். அடிபடுவதற்கு ஏற்ற இடம் இது, ஆகவே கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அந்தச் சரிவில் இரண்டு வகைக் கல் இருக்கும். ஒன்று சாம்பல் நிறம், தொட்டால் உள்ளங்கையைக் கீறும் அளவுக்குச் சொரசொரப்பு. மழைநீர் அரித்த சின்னச் சின்னக் கூர்முனைகள் அதில் தெரியும். இதில் கால் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று தந்தம் போல இளமஞ்சள், வெளிச்சத்தில் பளபளக்கும். பல்லாயிரம் கால்கள் பட்டுப்பட்டு மெருகேறிய கல். காய்ந்திருந்தாலே வழுக்கும், மேலே பொடிச் சரளை கிடந்தால் கேட்கவே வேண்டாம். கஷ்டம் என்னவென்றால், நன்றாகத் தேய்ந்த தடம்தான் சரியான தடம் போலக் கண்ணுக்குத் தெரியும், கால் தானாக அங்கேதான் போகும். அரை அடி தள்ளி, ஓரத்துச் சாம்பல் கல்லைத் தேடி மிதியுங்கள். கைத்தடியை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள், இங்கே இரண்டு கையும் வேண்டும். உயரமான படிகளில் பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து சறுக்குகிறவர்களின் கால் எங்கே படுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. முன்னால் போகிறவர் தலைக்கு நேர் மேலே நிற்காதீர்கள், உங்கள் காலடியில் உருளும் கல் அவர் மேல்தான் விழும். மழை பெய்த அன்றும் மறுநாள் காலையிலும் இந்த இறக்கம் வேண்டாம்.

செருப்பு, தேய்ந்த ஓட்டக் காலணி இரண்டும் ஆகாது. கணுக்காலை மூடும் பூட்ஸ் அவசியமில்லை. அடிப்பாகம் மிருதுவான ரப்பராக, பள்ளங்கள் தேயாமல் இருப்பதே முக்கியம். இந்த இறக்கம் வேண்டாம், கடற்கரை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு உள்நாட்டுப் பக்கம், கார்தியோல் கணவாயிலிருந்து பள்ளத்தாக்கின் தரையோடு வரும் வழி இருக்கிறது. கல்லும் கரடுமாக இருந்தாலும் சாய்வு மிதமானது.

குறியீடுகளைப் படிக்கத் தெரிந்தால் வழி தவறாது. வெள்ளையும் சிவப்பும் கோடாக இருந்தால் அது ஜி.ஆர். 98-51, நீண்ட தூரப் பாதை. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஒற்றை நிறக் கோடுகள் உள்ளூர்ச் சுற்றுப்பாதைகள். பத்து நிமிடமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லையா? முன்னே போய்த் தேடாமல், கடைசியாகக் குறி பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். குடாக்களுக்குள் செல்போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. அவசரத்துக்கு 112 அழைக்க வேண்டுமானால் மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மலைக்குள் நுழைய அனுமதி நாளுக்கு நாள் மாறும். மறுநாளைய நிலவரம் முந்தின மாலையே வெளியாகிவிடும். தேசியப் பூங்காவின் ‘மே கலாங்க்’ செயலியில் பார்க்கலாம். சிவப்பு என்றால் மூடல், மீறி உள்ளே போனால் 135 யூரோ அபராதம். இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 1990 ஆகஸ்டில் இந்த மலைத்தொடரின் பெரும்பகுதி எரிந்தது. பைன் பிசினும் ரோஸ்மேரி எண்ணெயும் நிறைந்த புதர்க்காட்டில், காற்றடிக்கும் நாளில் தீ மனிதரைவிட வேகமாக ஓடும். பல குடாக்களிலிருந்து வெளியேற ஒரே வழிதான் இருக்கிறது. மலைக்குள் புகைபிடிக்கவே கூடாது. முகாமிடவும் இரவு தங்கவும் அனுமதி இல்லை.

மார்செய் பக்கம் லுமினியிலிருந்து இறங்கும் ஸுஜித்தோன் குடாவுக்கு 2022 முதல் கோடைநாட்களில் முன்பதிவு கட்டாயம். ஒரு நாளுக்கு 400 பேர், கட்டணம் இல்லை, க்யூ.ஆர். கோடு காட்ட வேண்டும். அதற்கு முன் உச்ச நாட்களில் 2,500 பேர் வரை வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை கால்கள் மிதித்ததில் மண் கரைந்து, பைன் மரங்களின் வேர் வெளியே வந்துவிட்டது. இந்தக் கட்டுப்பாடு இன்னும் சில குடாக்களுக்கும் வந்தால் நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மார்செய் பக்கத்துக் கோடியில் இருக்கும் கலலோங்கிலிருந்து கஸ்ஸி வரை முழுப் பாதையும் சுமார் 28 கிலோமீட்டர், 11 முதல் 12 மணி நேரம். இரவு தங்க முடியாது என்பதால் லுமினியில் வெட்டி இரண்டு தனித்தனி நாளாக நடப்பதே புத்திசாலித்தனம்.

கஸ்ஸிக்குக் கிழக்கே கப் கனாய் வேறு உலகம். இங்கே கல் வெள்ளை இல்லை. காவி நிற மணற்கல்லும், கூழாங்கற்களைச் சாந்து போட்டு ஒட்டியது போன்ற திரட்டுப் பாறையும். இந்தப் பாறைத்தொடரின் உச்சி 394 மீட்டர், பிரான்சின் மிக உயரமான கடற்பாறைகளில் ஒன்று. ஊரிலிருந்து ஏற ஒன்றரை முதல் 2 மணி நேரம். வழுக்கல் குறைவு, ஆனால் விளிம்பு உதிரும், சில இடங்களில் கீழே குடைந்து காலியாக இருக்கும். படமெடுக்க விளிம்புக்குப் போகாமல் இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள். பலத்த காற்று நாட்களில் மேலே போகும் சாலையையே மூடிவிடுவார்கள்.

அந்தக் காற்றுக்கு மிஸ்த்ரால் என்று பெயர். வடமேற்கிலிருந்து வரும், வானத்தைத் துடைத்தது போலத் தெளிவாக்கிவிடும். பார்க்க அருமையான நாளாக இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றும். மேட்டில் நிற்கவிடாது. கடலின் மேற்பரப்புச் சூட்டுநீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடுவதால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். ஜூலையிலும் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் பல டிகிரி இறங்கிவிடும். வியர்த்த உடம்போடு பாறையிலிருந்து குதிக்காமல், மெதுவாக இறங்குங்கள்.

நடக்க நல்ல காலம் மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரையும். இலையுதிர்காலத்தில் கனமழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் மாலை 5 மணிவாக்கில் சூரியன் மறையும், உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கிடக்கும் ஆன்-வோவில் அதற்கு வெகு முன்பே நிழல் விழும். கடற்கரையிலிருந்து 2 மணிக்குள் ஏறத் தொடங்கினால் மெருகேறிய கல்லை வெளிச்சத்தில் கடந்துவிடலாம். கார்காரர்களுக்கு, போர்-மியூ பக்கத்து நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். ஊருக்கு வெளியே கோர்கெத் நிறுத்துமிடத்தில் விட்டு, ஓடும் நாட்களில் இணைப்புப் பேருந்தில் வரலாம். ரயிலில் வருகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: கஸ்ஸி ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து 3 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் வந்து இறங்கியதுமே பார்த்து வையுங்கள். அதைத் தவறவிட்டால், நாள் முழுக்க நடந்த காலோடு இன்னும் முக்கால் மணி நேர ஏற்றம் பாக்கி இருக்கும்.