மாடு படுப்பதையும் எழுவதையும் உட்கார்ந்து பார்த்தோம்

மாதவரம் பக்கம் மாமாவுக்குச் சின்ன மாட்டுக் கொட்டகை. எல்லாம் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்பு. பால் குறையவில்லை. ஆனால் பின்னங்கால் முட்டியில் முடி கொட்டி, சிலதுக்குப் புண். மருந்து போட்டால் ஆறும், மறுபடி வரும். "மருந்தை விடுங்க, மாடு எப்படிப் படுக்குது, எப்படி எழுந்திரிக்குதுன்னு பாருங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

நேரம் பார்த்து உட்கார வேண்டும். கறந்த கையோடு மாடு தீவனத்தில் நிற்கும். உச்சி வெயிலிலும் வேண்டாம். சென்னைச் சூட்டுக்கு மாடு படுக்காமலே நிற்கும், நாம் தரையைக் குறை சொல்வோம். நான் ராத்திரியில் பக்கவாட்டில் நின்று செல்போனில் வீடியோ எடுத்தேன்.

படுக்கும்முன் தரையை மோந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். முன்முட்டி மடங்கும், பிறகுதான் இடுப்பு இறங்கும். மாடுகளின் நலனை அளக்கும் ஐரோப்பாவின் வெல்ஃபேர் குவாலிட்டி முறையில், முட்டி மடங்கத் தொடங்கியதிலிருந்து, பின்பாகம் விழுந்து முன்னங்காலை அடியிலிருந்து உருவும்வரை எண்ணுகிறார்கள். சராசரி 5.20 வினாடிவரை நல்லது, 6.30-ஐத் தாண்டினால் பெரிய கோளாறு. உடம்பு எதிலாவது இடிக்கிறதா என்பதும் தனிக் கணக்கு.

எங்கள் கொட்டகையின் வியாதி எழும்போதுதான் தெரிந்தது. மாடு தலையை முன்னால் வீசி, அந்த வேகத்தில் பின்பாகத்தைத் தூக்கும். ஒரு கணம் முட்டியில் நின்று முன்னங்காலை ஊன்றும். வீச இடமில்லை. கயிறு குட்டை, தொட்டிச் சுவர் உயரம். ஒரு கிழட்டுப் பசு குதிரை போல முன்னங்காலை முதலில் ஊன்றி எழுந்தது.

"அது சோம்பேறிப்பா, எப்பவும் அப்படித்தான்" என்றார் மாமா. வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினேன். "தாடை இடிக்குதே!" என்று அவரே நிறுத்தினார். நாளுக்குப் பத்துத் தடவை போல எழுந்து படுக்கிற பிராணி. இப்படித் திணறி எழும்போது தடவைக்கொரு முறை பின்முட்டி தரையில் உரசினால் புண் எப்படி ஆறும்?

தரைக்கு ஒரு சுலபச் சோதனை: நீங்களே தொப்பென்று முட்டி போடுங்கள். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். லுங்கி நனைந்தால் படுக்கை ஈரம். ரப்பர் விரிப்பு போட்டும் எனக்கு இரண்டும் நடந்தது. மேலே மரத்தூள் கொட்டினோம். கயிற்றைக் கொஞ்சம் நீட்டினோம். ரொம்ப நீட்டினால் காலில் சிக்கும்.

இளம் மாடுகள் இப்போது இடிக்காமல் எழுகின்றன. கிழட்டுப் பசு மட்டும் இன்னும் சில நேரம் பழையபடிதான். சுவரைக் குறைக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் வந்தால் நல்லது, அப்புறம் பூச்சு காயாது.