முப்பதாண்டுப் போரை ஒரு தளபதியின் வாழ்க்கை வழியே படித்த அனுபவம்

முதுகலை வரலாற்றில் ஐரோப்பியத் தாளுக்குப் படிக்கிறவர்கள் பலர் பயந்து ஒதுக்கும் பகுதி முப்பதாண்டுப் போர். 1618 முதல் 1648 வரை பாதி ஐரோப்பா அடித்துக்கொள்கிறது, பெயர்களோ வாயில் நுழைவதில்லை. நோட்ஸில் இதைப் பொஹீமியக் கட்டம், டேனியக் கட்டம், சுவீடியக் கட்டம், பிரெஞ்சுக் கட்டம் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாலு தேதி போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பாடம் பிடிபட்டது லெனார்ட் டோர்ஸ்டென்சன் என்ற சுவீடன் தளபதியின் வாழ்க்கையைத் தனியாக எடுத்துப் படித்த பிறகுதான். இப்போது தயாராகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

ஏன் இவர்? சுவீடன் என்றதும் எல்லாரும் மன்னர் குஸ்தாவஸ் அடால்ஃபஸைப் படிக்கிறோம். அவர் 1632 நவம்பரிலேயே லுட்சன் போர்க்களத்தில் இறந்துவிடுகிறார். நோட்ஸ்படி 1635-இல் சுவீடியக் கட்டமும் முடிகிறது. இதைப் படிக்கிற யாருக்கும் சுவீடன் படை ஊர் திரும்பிவிட்டது, மீதியைப் பிரான்ஸ் பார்த்துக்கொண்டது என்றுதான் தோன்றும். உண்மையில் டோர்ஸ்டென்சனின் பெரிய வெற்றிகள் எல்லாமே 1641-க்குப் பிறகு, அதாவது ‘பிரெஞ்சுக் கட்டம்’ என்கிற தலைப்பின் கீழ் வருகின்றன. விடைத்தாளில் இந்த ஒரு விஷயத்தை ஆதாரத்தோடு எழுதினாலே, மனப்பாடம் செய்தவருக்கும் படித்தவருக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

அவர் வாழ்க்கையை நான் மூன்று துண்டாகக் குறித்துக்கொண்டேன்.

முதல் துண்டு, பீரங்கி. 1603-இல் சுவீடனின் வெஸ்டர்யோட்லாந்து பகுதியில் ஃபோர்ஸ்டெனா என்ற இடத்தில் பிறந்தவர், பதினைந்து வயதில் மன்னரின் பணியாளாக அரண்மனைக்குப் போகிறார். 1629-இல் சுவீடன் பீரங்கிப் படையே அவர் கைக்கு வருகிறது. ‘குஸ்தாவஸின் இராணுவச் சீர்திருத்தங்கள்’ என்ற கேள்விக்கு இந்த இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். அதுவரை பீரங்கி என்றால் களத்தில் ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கேயே நிற்கும். சுவீடன்காரர்கள் மூன்று பவுண்டு குண்டு போடும் சிறிய பீரங்கியைக் காலாட்படையோடு சேர்த்துவிட்டார்கள். ஒரு குதிரையோ, சில வீரர்களோ இழுத்துக்கொண்டு போய்விடலாம். இதற்கு முன் போலந்துப் போரில் தோல் சுற்றிய இலகுவான பீரங்கியை முயன்று பார்த்தார்கள். அது சீக்கிரம் சூடேறியதால் கைவிட்டார்கள். பல கைடுகளில் இந்தத் தோல் பீரங்கிதான் ஜெர்மனியில் வெற்றி தந்தது என்று இருக்கும், அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். 1631-இல் ஜெர்மனியின் பிரைட்டன்ஃபெல்டு போரில் எதிரி ஒருமுறை சுடுவதற்குள் பலமுறை சுட்டது டோர்ஸ்டென்சனின் பீரங்கிப் படை.

இரண்டாம் துண்டை வேகமாகக் கடக்கலாம். 1632-இல் நியூரம்பெர்க் அருகே ஆல்டே வெஸ்டேயில் பிடிபட்டு, இங்கோல்ஸ்டாட் சிறையில் ஏறத்தாழ ஓராண்டு. விடுதலைக்குப் பின் தளபதி யோஹான் பானரின் கீழ் விட்ஸ்டாக், கெம்னிட்ஸ் போர்கள். மூட்டுவாதம் முற்றி 1641-இல் ஊர் திரும்புகிறார். அதே ஆண்டு மே மாதம் பானர் இறந்துபோக, ஃபீல்டு மார்ஷல் பட்டத்தோடு மறுபடி ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள்.

மூன்றாம் துண்டுதான் உயிர். குதிரை ஏற முடியாமல் பல நாள் பல்லக்கில் தூக்கிச் செல்லப்பட்ட மனிதர், அந்தக் காலத்துத் தளபதிகளிலேயே வேகமாகப் படை நடத்தினார்! இதைப் படிக்கும்போது வரைபடம் அவசியம். நான் நதிகள் மட்டும் போட்ட ஒரு மத்திய ஐரோப்பா வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, பென்சிலால் அவர் போன வழியை ஆண்டு குறித்துக் கோடு போட்டேன். 1642-இல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதி) ஓலமோட்ஸ் நகரைப் பிடிக்கிறார்; அதே ஆண்டு இரண்டாம் பிரைட்டன்ஃபெல்டு வெற்றி. 1643-இல் கோடு திடீரென வடக்கே பாய்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த இரகசிய உத்தரவின்படி, போர் அறிவிப்பே இல்லாமல் டிசம்பரில் டென்மார்க் மன்னரின் ஹோல்ஸ்டைனுக்குள் நுழைகிறார். இது 1625–29 டேனியக் கட்டம் அல்ல, வேறு போர். ‘டோர்ஸ்டென்சன் போர்’ என்றே பெயர். அவரை டென்மார்க்கின் ஜட்லாந்தில் மடக்க வந்த புனித ரோமப் பேரரசுத் தளபதி காலாஸின் படை, திரும்பும் வழியில் பசியாலேயே சிதைந்தது. கொள்ளையடித்துத் தீர்ந்த நாட்டில் சோறு கிடைக்காது என்பதே காரணம். 1645 புரோம்செப்ரோ உடன்படிக்கையில் யெம்ட்லாந்து, ஹேர்யடாலன், காட்லாந்து, ஓசல் ஆகியவை டென்மார்க் மன்னரிடமிருந்து சுவீடனுக்கு வந்தன. ஹாலாந்து மாகாணம் முப்பது ஆண்டுக்கு ஈடாகக் கிடைத்தது.

1645 மார்ச் 6, பொஹீமியாவில் யாங்காவ் போர். பேரரசுப் படை நொறுங்கியது. அதன் தளபதி ஹாட்ஸ்ஃபெல்ட் பிடிபட்டார். பென்சில் கோடு டான்யூப் நதியைத் தொட்டு, பேரரசரின் தலைநகர் வியன்னாவின் வாசல் வரை வந்துவிடும். ஆனால் உள்ளே போகவில்லை. கைவசம் இருந்த படை அவ்வளவு பெரிய நகரத்தை முற்றுகையிடப் போதாது. அதனால் வடக்கே திரும்பி மே மாதம் மொராவியாவின் புர்னோ நகரை வளைத்தார். உள்ளே ஏறத்தாழ 1,500 பேர்தான், மாணவர்களும் கைத்தொழிலாளரும் அதில் அடக்கம். அவர்களை நடத்திய டி சூஷே, முன்பு சுவீடன் படையிலேயே இருந்தவர். ஆகஸ்டில் டோர்ஸ்டென்சன் முற்றுகையை விட்டுக் கிளம்பினார். நண்பகலுக்குள் பிடிக்காவிட்டால் போய்விடுவேன் என்று அவர் சொன்னதாகவும், ஊரார் பதினொரு மணிக்கே பன்னிரண்டு மணி அடித்து ஏமாற்றியதாகவும் ஒரு கதை உண்டு. புர்னோ தேவாலயத்தில் இன்றும் பதினொரு மணிக்கு நண்பகல் மணி அடிக்கிறார்கள். கேட்க இனிமையான கதை. விடையில் எழுதினால் ‘மரபுக் கதை’ என்று சொல்லியே எழுதுங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சுவீடன் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது; 1753-இல்தான் கிரிகோரியனுக்கு மாறியது. கத்தோலிக்கப் பேரரசு புதிய கிரிகோரியனில். இடைவெளி பத்து நாள். முதல் பிரைட்டன்ஃபெல்டு ஒரு புத்தகத்தில் செப்டம்பர் 7, இன்னொன்றில் 17. யாங்காவ் ஒன்றில் பிப்ரவரி 24, இன்னொன்றில் மார்ச் 6. இரண்டுமே சரி. குறிப்பேட்டில் இரண்டு நிரல் போட்டு இரண்டு தேதியையும் எழுதிவைத்து, தேர்வில் ஒரே முறையை முதலிலிருந்து கடைசிவரை பின்பற்றுங்கள். கொள்குறி வினா என்றால் பெரும்பாலும் கிரிகோரியன் தேதிதான் தேர்வுகளில் இருக்கும்.

போரை முடித்துவைத்த வெஸ்ட்பேலியா உடன்படிக்கை பற்றிய நெடுவினாவுக்கும் இதே படிப்பு உதவும். 1648-இல் சுவீடனுக்கு மேற்குப் பொமரேனியாவும் விஸ்மாரும் பிரெமென்–வெர்டனும் ஏன் கிடைத்தன என்பதற்கு, யாங்காவும் அதையடுத்துச் சாக்சனி 1645 செப்டம்பரில் போரிலிருந்து விலகியதும் நேரடியான காரணங்கள். டோர்ஸ்டென்சன் 1648-க்கு முன்பே பொறுப்பை அடுத்த சுவீடன் தளபதி ரேங்கலிடம் ஒப்படைத்துவிட்டுச் சுவீடன் திரும்பிவிட்டார். 1651-இல் ஸ்டாக்ஹோமில் இறந்தார். கடைசி மூன்று ஆண்டுப் போருக்கு வரைபடத்தில் வேறு நிறப் பென்சிலை எடுத்து ரேங்கலின் வழியைத் தொடருங்கள். 1648-இல் பவேரியா வரை அந்தக் கோடு போகும்.