வசனம் மனப்பாடமான பிறகுதான் முதல் ஒத்திகை

நெதர்லாந்து நடிகை ஹலீனா ரைன் 2003-இல் டோனேல்க்ரூப் ஆம்ஸ்டர்டாம் நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவின் அப்போதைய இயக்குநர் ஈவோ வான் ஹோவயிடம் வேலை செய்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முதல் நாள் ஒத்திகைக்கு வரும்போதே வசனம் முழுதும் மனப்பாடமாகியிருக்க வேண்டும். கையில் தாள் இருந்தால் கண் எதிரே நிற்பவர் மேல் போகாது, கையும் நடிக்காது. காரணம் அவ்வளவுதான்.

வீட்டில் தனியாகப் படிக்கும்போது ஒரு தவறு எளிதாக நடந்துவிடும். வசனத்தோடு அதன் ராகமும் மனதில் பதிந்துவிடும். கோபமாகச் சொல்லிப் பழகிய வரிக்கு முன்னால், எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசிவிட்டால் பதில் ஒட்டாமல் தொங்கும். அதனால் உணர்ச்சியே கலக்காமல், கடைச் சீட்டை வாசிப்பதுபோல் தட்டையாகப் படிப்பது நல்லது. படுக்கும் முன் ஒரு முறை, காலையில் தாளைத் தொடாமல் ஒரு முறை, பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு முறை. கை வேலை செய்யும்போதும் வரி தடங்கலில்லாமல் வந்தால்தான் அது ஏறியிருக்கிறது என்று நம்பலாம்.

இந்த மாதிரிக் குழுவில் ஒரே சமயத்தில் பல நாடகங்கள் உயிரோடு இருக்கும். மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்த நாடகம் திரும்ப மேடையேறும் முன் டச்சு நடிகர்கள் 'இத்தாலியான்ச்சே' என்று ஓர் ஓட்டம் ஓடுவார்கள். எல்லோரும் உட்கார்ந்து, நடிக்காமல், மூச்சுவிடாத வேகத்தில் வசனத்தை மட்டும் ஒப்பிப்பது. தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அவை ஒன்றுபோல முடியும் இரண்டு வரிகளாக இருக்கும். அங்கே அசந்தால் முதல் அங்கத்திலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடலாம். வெளிநாட்டுப் பயணத்தில் இது இன்னும் மோசம். மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை இயக்குபவர் பக்கம் பக்கமாகத் தேட, பார்வையாளர்கள் வேறு வசனத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

தொலைக்காட்சியில் நினைவின் கணக்கே வேறு. ஹலீனா, நடிகை காரிஸ் வான் ஹவுட்டனோடு சேர்ந்து உருவாக்கி, ஓபரா பாடகியாக நடித்த 'ரெட் லைட்' தொடர் 2020-இல் வந்தது. பொதுவாகப் படப்பிடிப்பில் காட்சிகள் கதை வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. இரவு படித்ததை மறுநாள் சொல்லிவிட்டு மறந்துவிடலாம், ஆனால் இந்தக் காட்சிக்கு முன் அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குரலையும் இறக்க வேண்டும். கடைசி வரிசைக்கு எட்டும்படி பழகிய வாய், முகத்தருகே இருக்கும் கேமராவுக்கு மிகையாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, 2009-இல் ஹலீனா நடித்த, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோவின் ஒற்றை நடிகை நாடகம் என்பது என் கணிப்பு. ஒரு பெண், ஒரு தொலைபேசி. ஈவோவின் அரங்கேற்றத்தில் அவர் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். மறுமுனையில் பேசுபவரின் குரல் நமக்குக் கேட்காது. இப்படிப்பட்ட வேடத்துக்கு, கேட்காத அந்தப் பதில்களையும் எழுதி மனப்பாடம் செய்துகொள்வது உதவும். மௌனத்தின் நீளம் அந்தப் பதிலின் நீளம். அவசரப்பட்டு அதைக் குறைத்தால், தொலைபேசியில் யாரும் இல்லை என்பது அரங்குக்கே தெரிந்துவிடும்.

மேடைப் பயம் புது நாடகத்தில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாகப் பழகிய நாடகத்திலும் வரும். வாய் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் விழித்து, "அடுத்த வரி என்ன?" என்று கேட்டுவிடும். கேட்ட மாத்திரத்தில் வரி காணாமல் போகும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் சொல்வதை முதல் தடவை கேட்பதுபோல் கேட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். தனி நடிப்பில் அந்த முகம் இல்லை.

2013-இல் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தின் நாயகி நோரா வேடத்துக்காக நெதர்லாந்து நாடக மேடையின் தியோ டோர் விருது ஹலீனாவுக்குக் கிடைத்தது. தன் மேடைப் பயம் தாங்க முடியாததாகிவிட்டது என்று பிற்பாடு அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2019-இல் தன் முதல் படத்தை இயக்கினார். அதில் கேமராவுக்கு முன்னால் நின்றவர் காரிஸ் வான் ஹவுட்டன்.