புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்

திருமங்கலத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெர்னியர் அளவியை மாணவர் கையில் கொடுப்பதற்கு முன், இதன் மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) என்ன, இதில் சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே காட்டும், பிறகு கழிக்க வேண்டிய எண்) உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் ஒருநாளும் பாடத்தைத் தொடங்கியதில்லை. அந்தக் கேள்விகளை மருத்துவக் கருவிகளிடம் நான் கேட்டதேயில்லை என்பது, கடந்த ஆவணியில் மதுரையில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோதுதான் உறைத்தது.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. உதட்டில் ஒரு கொக்கியை மாட்டி, வேருக்குள் இறக்கிய ஊசி போன்ற ஃபைலில் இன்னொரு கம்பியை இணைத்தார் மருத்துவர். அருகிலிருந்த சிறிய திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, 0.5 என்ற இடத்தில் நின்றன. சிகிச்சை முடிந்ததும், அரை மில்லிமீட்டர்வரை காட்டுகிறதே என்று வியந்தேன். அவர் சிரித்துவிட்டு, அது மில்லிமீட்டரே இல்லை என்றார். வேர் முனையின் மிகக் குறுகலான இடத்தை ஃபைல் நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே அது. இடையில் வரும் எண்களை நீளமாகப் படிக்கக் கூடாது.

இந்தக் கருவியின் அடிப்படை எளிமையானது. வாயின் உட்தோலுக்கும் வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கும் இடையிலுள்ள மின்தடை, ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. ஏறத்தாழ 6,500 ஓம். ஜப்பானியரான சுனாடா 1962இல் இதைக் கொண்டு வேரின் நீளத்தைக் கண்டறிய முடியும் என்று காட்டினார். வேருக்குள் இரத்தமோ மருந்து நீரோ இருந்தால் அந்தப் பழைய முறை தடுமாறும் என்பதால், இன்றைய கருவிகள் வெவ்வேறு அதிர்வெண் கொண்ட மின்னோட்டங்களைச் செலுத்தி, அவற்றுக்குக் கிடைக்கும் எதிர்ப்புகளை ஒப்பிட்டு முடிவு சொல்கின்றன. இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகு, ஃபைலில் இருந்த சிறு ரப்பர் வளையத்தைப் பல்லின் விளிம்புவரை நகர்த்தி, வெளியே எடுத்து, சாதாரண உலோக அளவுகோலில் வைத்துத்தான் நீளத்தைப் படித்தார். எனக்கு என் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது.

அதோடு விடாமல் ஒரு டிஜிட்டல் எக்ஸ்ரேயும் எடுத்தார். ஒரே நீளத்தை இருமுறை அளப்பானேன் என்று கேட்டதற்கு, இரண்டும் வெவ்வேறு வகையில் ஏமாற்றும் என்றார். எக்ஸ்ரே குழாயின் சாய்வு மாறினால் வேர் நீண்டோ குறுகியோ தெரியும். மேலும், வேரின் வாய் பல நேரங்களில் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் திறந்திருக்கும்; தட்டையான படம் அதைக் காட்டாது. மின்கருவியோ, ஃபைல் பழைய உலோக அடைப்பில் உரசினாலே தவறாகச் சொல்லிவிடும். ஒரு சாட்சி பொய் சொல்லும் இடத்தில் மற்றொன்று பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பதால்தான் இரண்டையும் விசாரிக்கிறார்கள்.

புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்துக்கு உண்மையிலேயே உயிர் இருக்கும் இடமும் உண்டு. என் தாயாரின் கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளந்தார்கள். சராசரியாக அது 23.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதை 1 மில்லிமீட்டர் தவறாக அளந்தால், பொருத்தும் லென்ஸின் திறன் இரண்டரை முதல் மூன்று டையாப்டர்வரை (கண்ணாடியின் ‘பவரை’ச் சொல்லும் அலகு) பிசகும். இடது கண்ணை ஒளிக்கருவியால் நொடியில் அளந்துவிட்டார்கள். வலது கண்ணில் புரை முற்றியிருந்ததால் ஒளி உள்ளே செல்லவில்லை; மீயொலிக் கருவிதான் வேண்டியிருந்தது. அதன் முனையைக் கருவிழியில் நேராக வைத்தால், அழுத்தத்தில் கண் 0.2 மில்லிமீட்டர் குறுகினாலும் லென்ஸில் அரை டையாப்டர், அதாவது ஒரு படி, மாறிவிடும். ஆகவே கண்மேல் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து நீரை நிரப்பி, முனை கண்ணைத் தொடாதபடி அளந்தார் அங்கிருந்த பெண். தெற்காவணி மூல வீதியில் பொன் நிறுப்பவர், தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பாரே, அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது. கருவியின் துல்லியத்தில் பாதி அந்தக் கையில் இருந்தது என்பேன். (பொருத்திய லென்ஸ் 1992இல் தொடங்கப்பட்ட நம்மூர் ஆரோலேப் தயாரிப்பு என்பதில் அம்மாவுக்கு இன்றும் பெருமை.)

வீட்டுக் கருவிகளிடம் அவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமில்லை. சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் 187 காட்டிய காலையில் ஆய்வகம் 172 என்று சொன்னதால், கருவி பழுது என்று அதைத் தூக்கிப்போடப் போனேன். இக்கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டுப் பன்னாட்டுத் தரம், 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடுவரை விலகலை ஏற்கிறது. 172க்கு 147 முதல் 197வரை எது காட்டினாலும் அது தேர்ச்சிதான். ஆனால், நத்தம் மாம்பழத்தை நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் வரும் எண்ணுக்கு எந்தத் தரமும் பொறுப்பேற்காது.

என்னை அதிகம் சோதித்தது இரத்த அழுத்தக் கருவிதான். இதைப் பலரும் ஸ்டெதாஸ்கோப்பின் மின்னணு வடிவம் என்று நினைக்கிறார்கள்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1905இல் கொரோட்கோவ் விவரித்த ஒலிகளைக் காதால் கேட்டு அளப்பது மருத்துவரின் முறை. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை எதையும் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது ஏற்படும் சிறு அதிர்வுகள் எந்த அழுத்தத்தில் உச்சமடைகின்றன என்பதை அறிந்து, அதிலிருந்து மேலெண்ணையும் கீழெண்ணையும் தயாரிப்பாளரின் கணக்கு முறைப்படி வருவிக்கின்றன. நாடித்துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்களிடம் இந்தக் கணக்கு எளிதில் தடுமாறும்.

என் மனைவிக்கு அது மூன்று வாரமாக 150க்கு மேலேயே காட்டியது. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும் என்ற கலக்கத்தோடு, கருவியையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். அவர் எண்களைப் பார்ப்பதற்கு முன் பட்டையைப் பார்த்தார். 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைகளுக்கானது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. அவள் கைச் சுற்றளவு 36. கைக்குச் சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அகலமான பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, ஸ்டெதாஸ்கோப் வைத்து அவர் அளந்தபோது 138.

உடனே என்னுள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். 12 சுழிப்பிழை, ஒரு துண்டு பிளாஸ்திரியில் அதை எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டால் போயிற்று என்றேன். "சார், இது வெர்னியர் இல்லை. அழுத்தம் மாற மாற இந்த வித்தியாசமும் மாறும், பட்டையை மாத்துங்க" என்றார் அவர். மாணவனைப் போல் தலையாட்டினேன்.

பெரிய பட்டை மூன்று கடைகளில் கிடைக்காமல், நான்காவது கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். அவர் சொன்னபடி ஏழு நாள் காலையும் மாலையும் இருமுறை அளந்து, முதல் நாளின் எண்களைத் தள்ளிவிட்டு, மற்றவற்றின் சராசரியை எடுத்தேன்: 132க்கு 82. வீட்டில் அளப்பதற்குச் சொல்லப்படும் வரம்பு 135க்கு 85 என்பதால் மாத்திரை கூடவில்லை. பழைய பட்டை என் கைக்குச் சரியாகவே பொருந்துகிறது. இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால், 12 எழுத எடுத்துவைத்திருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, எங்கள் இருவர் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.