லாரமி கோட்டையும் ஒரு நொண்டிப் பசுவும்

வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலம் காற்றோடு மல்லுக்கட்டியே கழிந்தது. கார்க் கதவைத் திறந்தால் கையோடு பிய்த்துக்கொண்டு போகும். காலி லாரிகள் கவிழ்ந்துவிடும் என்று நெடுஞ்சாலையில் அவற்றை விட மாட்டார்கள். இட்லி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் நூறு மைல் தெற்கே டென்வருக்குப் போக வேண்டும். மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் ஆறு லட்சம் பேர் இல்லை. இந்தப் பொட்டல் வெளிக்கு எதை நம்பி மனிதர்கள் வந்தார்கள்?

அலுவலகத்தில் கேட்டதற்கு, "லாரமி கோட்டைக்குப் போய்ப் பாருங்கள்" என்றார்கள். ஒரு எச்சரிக்கை: லாரமி என்ற ஊர் மேற்கே இருக்கிறது, அது வேறு. கோட்டை வடக்கே, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

நம்மூர்க் கோட்டைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் ஏமாற்றம், அங்கே மதிலே கிடையாது. பெரிய மைதானம், அதைச் சுற்றிக் கட்டடங்கள், பாதி இடிந்து சுவர் மட்டும் நிற்பவை. ராணுவம் மதில் கட்டத் திட்டம் போட்டு, செலவுக்குப் பயந்து விட்டுவிட்டதாம்.

ஆரம்பத்தில் மதில் இருந்தது. 1834-இல் வில்லியம் சப்லெட், ராபர்ட் கேம்பல் என்ற இரண்டு வியாபாரிகள், லாரமி ஆறு வடக்கு பிளாட் ஆற்றில் கலக்கும் இடத்தருகே மரக்கட்டைகளை நட்டு ஒரு கிடங்கு கட்டினார்கள். சரக்கு, நீர்நாய் போன்ற பீவரின் தோல். சீமான்களின் தொப்பிக்கு அதன் மயிர்தான் வேண்டும். சில வருடங்களில் பீவரும் அருகிவிட்டது, பட்டுத் தொப்பி மோஸ்தரும் வந்துவிட்டது. வியாபாரம் எருமைத் தோலுக்கு மாறியது. மரம் உளுத்துப்போகவே, 1841-இல் அமெரிக்க ஃபர் கம்பெனி பச்சை மண்கல்லால் புதிதாகக் கட்டியது. கலிபோர்னியாவில் தங்கம் என்று வண்டி வண்டியாகக் கூட்டம் கிளம்பிய 1849-இல், வழிக்குக் காவலாக ராணுவம் அதை 4,000 டாலருக்கு வாங்கியது.

விசா காகிதங்களோடு மல்லாடி வந்தவள் என்பதால், இங்கே போட்ட ஒப்பந்தங்களின் கதைதான் என் மனதில் ஒட்டியது. 1851-இல் சமவெளிப் பழங்குடிகள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். குதிரைகளுக்குக் கோட்டைப் பக்கம் புல் போதாமல், பேச்சுவார்த்தையையே ஹார்ஸ் க்ரீக் என்ற ஓடைக்கரைக்கு மாற்றினார்கள். குடியேறிகளின் வண்டிகளுக்கு வழிவிடுவதற்கு ஈடாக அரசு தருவது வருடம் 50,000 டாலர் மதிப்புள்ள பொருள், ஐம்பது வருடங்களுக்கு என்று பேச்சு. கையெழுத்தான பிறகு செனட் அதைப் பத்து வருடமாகச் சுருக்கியது. அதிபர் மனது வைத்தால் இன்னும் ஐந்து.

மூன்றே வருடத்தில் ஒரு பசுவால் எல்லாம் கெட்டது. குடியேறி ஒருவரின் நொண்டிப் பசு வழிதவறி லகோட்டா என்ற பழங்குடியினரின் முகாமுக்குள் போக, அங்கே ஒருவர் கொன்று சாப்பிட்டுவிட்டார். தலைவர் 'கான்கரிங் பேர்' ஈடாகக் குதிரை தருகிறேன் என்றார். அது எடுபடவில்லை. கிராட்டன் என்ற இளம் லெப்டினன்ட் 29 வீரர்களோடும் பீரங்கிகளோடும் கிளம்பினார்; கூடப்போன மொழிபெயர்ப்பாளர் குடிபோதையில் இருந்தார். தலைவர் குண்டடிபட்டு இறந்தார். கிராட்டனும் வந்த வீரர்களும் மாண்டார்கள். ஈடு தந்து பைசல் பண்ணிக்கொண்டு போயிருக்க வேண்டிய விவகாரம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பொழுதில் முடிந்திருக்கும்.

1868-இல் இன்னொரு ஒப்பந்தம்: பிளாக் ஹில்ஸ் மலைகள் சூ மக்களுக்கே (லகோட்டாக்களும் சூ மக்கள்தான்). 1874-இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் படை அங்கே தங்கம் இருப்பதைச் சொன்னது. 1877-இல் அரசு மலையை எடுத்துக்கொண்டது. வேலை தீர்ந்த கோட்டையை 1890-இல் மூடி, கட்டடங்களை ஏலம் விட்டார்கள். மிஞ்சியவற்றை 1938-இல் தேசிய நினைவிடமாக்கினார்கள். 1849-இல் கட்டிய 'ஓல்ட் பெட்லம்' என்ற இரண்டு மாடி வீடு வெள்ளையடித்து இன்றும் நிற்கிறது.

மலைக்கான வழக்கு மட்டும் ஓயவில்லை. 1980-இல் உச்ச நீதிமன்றம், எடுத்தது எடுத்ததுதான், பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. சூ மக்கள் அதைத் தொட மறுத்துவிட்டார்கள், மலையைத்தான் கேட்கிறார்கள். பணம் வட்டியோடு நூறு கோடியைத் தாண்டி, அரசிடமே கிடக்கிறது.